கருங்குன்றத்து ஒற்றையடிப் பாதைகள்

மழைக்காலம் விடைபெற்று அக்டோபர் பிறந்துவிட்டால் மும்பை நண்பர்களிடமிருந்து எனக்கு ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வரும். சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவில் எந்தப் பாதையில் நடக்கலாம்? ஷிலோண்டா ஓடையோரமா, கன்ஹேரிக் குகைகளுக்கு மேலே ஏறும் தடமா, தாணே நகரத்தை ஒட்டிய யேவூர்ப் பக்கமா, வசாய்க் கழிமுகத்தைத் தொடும் நாக்லாவா? எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன். எதில் நடப்பதென்றாலும் வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வேன். இம்முறை அதற்குமேலும் ஒன்றைச் சொல்லத் தோன்றிற்று. சென்ற ஞாயிறன்று ஷிலோண்டா வழியில் எங்கள் குழுவோடு நடந்த இளைஞர் ஒருவர் கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்தபடி, "மாநகரின் நடுவே மனிதக் கைபடாத கன்னிக்காடு" என்று தம் காணொளிக்காகப் பேசிக்கொண்டே வந்தார். அவர் நின்ற இடத்துக்குப் பத்தடி தள்ளி ஒரு முதிய நாட்டு மாமரம். அதனடியில் வயல்வரப்பு ஒன்றின் கல்லடுக்கு பாதி மண்ணில் புதைந்து கிடந்தது. நல்ல பிள்ளை, அவரைக் குறைசொல்லும் எண்ணம் இல்லை. நம்மில் பெரும்பாலோர் இந்தக் காட்டை அப்படித்தான் பார்க்கிறோம். அந்தப் பார்வை வரலாற்றுப் பிழை என்பதோடு, சிலருடைய வாழ்வைப் பாதிக்கும் பிழையும்கூட என்பதால் இப்பதிவை எழுதுகிறேன். நீளமானது, பொறுமையுள்ளோர் தொடர்க.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மும்பையின் புறநகர்களும் தாணேயின் ஒரு பகுதியும் அமர்ந்திருக்கும் சால்செட் தீவை மராத்தியில் சாஷ்டி என்பர். அறுபத்தாறு ஊர்கள் என்னும் பொருள்கொண்ட பழம்பெயரின் திரிபு அது. தீவின் நடு முதுகெலும்பாக வடக்குத் தெற்காக ஓடும் எரிமலைப்பாறைக் குன்றுகள்தாம் இன்றைய பூங்கா. பரப்பு ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர். வடக்கு விளிம்பில் வசாய்க் கழிமுகத்தின் அலையாத்திக் காடுகள். உள்ளே துளசி, விகார் என இரண்டு ஏரிகள். தஹிசர், போய்சர், ஓஷிவாரா, மித்தி ஆகிய சிற்றாறுகள் இம்மலைப் பகுதியிலிருந்தே இறங்கி நகரத்தின் ஊடே ஓடிக் கடலில் சேருகின்றன. கடலும் கழிமுகமும் காடும் ஏரியும் ஒரே நாள் நடையில் அகப்படும் இடம் இந்தியப் பெருநகரங்களில் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கன்ஹேரி என்ற பெயர் கிருஷ்ணகிரி என்பதன் திரிபு. கரிய மலை. நம் கிருஷ்ணகிரிக்காரர்கள் உரிமை கொண்டாடிக்கொள்ளலாம்! கி.மு. முதல் நூற்றாண்டளவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுகள் தொடர்ந்து குடையப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தக் குகைகள் இங்குள்ளன. சுற்றுலா வருவோர் மூன்றாம் எண் குகையான சைத்தியத்தையும் அதன் முகப்பில் நிற்கும் ஓங்கிய இரு புத்தர் உருவங்களையும் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுவர். எனக்கோ குகைகளுக்கு வெளியே இருப்பவைமீதுதான் கண். ஒரு குகையிலிருந்து மற்றொன்றுக்குப் பாறையிலேயே வெட்டிய படிகள். மழைநீரை வழிப்படுத்தும் மெல்லிய கால்வாய்கள். ஏறக்குறைய ஒவ்வொரு குகையின் வாயிலிலும் ஒரு நீர்த்தொட்டி. உட்கார்ந்து இளைப்பாறக் கல்லிருக்கை. படிகளின் நடுப்பகுதி தேய்ந்து குழிந்திருப்பதைக் குனிந்து பார்த்தால் தெரியும். எத்தனை பாதங்கள் என்று எண்ணுவது வீண்.

தொட்டிகளின் அருகே எழுத்துகள் உண்டு. 'பானிய போடி' என்ற பிராகிருதச் சொல்லால் அவற்றைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. கல்யாணைச் சேர்ந்த சாமிதத்தன் என்னும் பொற்கொல்லர் ஒருவர் இத்தகைய தொட்டி ஒன்றைக் கொடையாக அளித்திருக்கிறார். செமுல்லா எனப்பட்ட இன்றைய சௌலிலிருந்தும் சோபாராவிலிருந்தும் கொடையாளிகள் வந்துள்ளனர். வணிகர், கொல்லர், மணிக்கல் வினைஞர் என்று கையால் உழைத்தோரும் காசால் பிழைத்தோரும் கலந்த பட்டியல் அது. வரைபடத்தை எடுத்து இவ்வூர்களைப் புள்ளியிட்டுப் பாருங்கள். கல்யாண் கிழக்கே உல்லாஸ் ஆற்றின் கரையில். சோபாரா வடக்கே கழிமுகத்துக்கு அப்பால். சௌல் தெற்கே கடலோரத்தில். நடுவில் இந்தக் குன்று. நீர்வழியில் வந்து இறங்கி, எஞ்சிய தொலைவை நடந்தே ஏறியிருக்க வேண்டும். யேவூர்ப் பக்கம் ஏறும் தடங்களும் நாக்லாவிலிருந்து தெற்கே வரும் தடங்களும் அந்தப் பழைய வழிகளையே மிதித்துச் செல்கின்றன என்று அறுதியிட்டுக் கூற என்னிடம் சான்றில்லை. ஆனால் மலையின் சரிவு மனிதர்க்கு அதிக வழிகளைத் தருவதில்லை. கால் எங்கே ஏறும், எங்கே வழுக்கும் என்பது இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரிதாக மாறிவிடாது.

இன்னொரு கல்வெட்டு மங்கலத்தானம் என்ற ஊரில் ஒரு வயலை விகாரத்தின் நிலையான அறக்கொடையாக எழுதிவைக்கிறது. அந்த ஊர் இன்றைய போரிவலியின் மாகாட்டாணே. ஆம், மெட்ரோ ரயில் நிலையம் இருக்கும் அதே மாகாட்டாணேதான். துறவியரின் உணவும் ஆடையும் குன்றின் அடிவாரத்து வயல்களிலிருந்தே வந்தன. நெல் மேலே ஏற வேண்டுமென்றால் அதைச் சுமக்க ஒருவர் வேண்டும். அவருக்கு ஒரு பாதை வேண்டும். ஆகவே கன்ஹேரி ஊரை விட்டு ஒதுங்கிய தவக்காடு என்று நாம் கற்பித்துக்கொள்வதை நான் ஏற்பதில்லை. ஊரும் காடும் ஒன்றுக்கொன்று படியளந்து வாழ்ந்த இடம் அது. நம் மொழியிலேயே பாருங்கள். கொங்கு நாட்டில் "காட்டுக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் விளைநிலத்துக்குப் போய்வருவதாகத்தான் பொருள். காடு என்ற சொல் உழைப்பிலிருந்து பிரிந்து, வேடிக்கை பார்க்கும் இடமாக ஒடுங்கியது அண்மைக் காலத்தில்தான்.

துறவியர் மழைக்காலத்தில் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது பௌத்த சங்கத்தின் விதி. ஆதலால் கன்ஹேரியின் நெரிசலான மாதங்கள், இன்று வழுக்கலுக்கு அஞ்சி நாம் ஒதுங்கும் மாதங்களே. மழை விட்டபின் வருகின்ற இன்றைய நடையரின் மூதாதையர் வேறு சிலர். தொண்ணூறாம் எண் குகையில் பஹ்லவி எழுத்தில் சில வரிகள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை கி.பி. 1009 இலும் 1021 இலும் இங்கு வந்த ஜொராஸ்திரியர்களின் பெயர்ப் பட்டியல்கள். கொடையும் இல்லை, வேண்டுதலும் இல்லை. இன்ன நாளில் இன்னார் இன்னாரெல்லாம் இங்கு வந்தோம் என்ற செய்தி மட்டும். வந்த மாதங்கள் அக்டோபரும் நவம்பரும்! நம்மைப் போலவே அவர்களும் மழை ஓய்ந்து, புல் இன்னும் காயாமல், ஓடையில் நீர் வற்றாமல் இருக்கும் பருவம் பார்த்து வந்திருக்கிறார்கள். இன்று பாறையில் பெயர் கீறுவோரைக் கண்டால் எனக்குச் சினம் வருகிறது. ஆயிரம் ஆண்டு பழையதாகிவிட்டால் அதையே ஆவணம் என்று தடவிப் பார்க்கிறேன். இந்த முரண்பாட்டுக்கு என்னிடம் விடை இல்லை.

இவ்வரிகளைப் படித்து வெளியிட்ட எட்வர்ட் வில்லியம் வெஸ்ட் தொழிலால் ரயில்வே பொறியாளர். பம்பாயிலிருந்து தாணே வரை இந்தியாவின் முதல் பயணியர் ரயிலை 1853 இல் ஓட்டிய அதே பெருவழி ரயில் நிறுவனத்தில் பணியாற்றியவர். விடுமுறைகளில் குன்றேறிக் கல்வெட்டுகளைப் படியெடுத்து, பின்னாளில் பஹ்லவி மொழியின் பேரறிஞர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். பகவான்லால் இந்திரஜி, பிற்காலத்தில் ஷோபனா கோகலே என அந்தக் கல்வெட்டுகளுக்குத் தம் ஆண்டுகளைக் கொடுத்தோர் வரிசை ஒன்று உண்டு. கன்ஹேரி பற்றி நாம் இன்று பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடியில் இவர்களுடைய முழங்கால் வலி இருக்கிறது.

போர்த்துக்கேயர் காலத்துக் கதை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். 1534 இல் வசாயும் சால்செட்டும் அவர்கள் கைக்குச் சென்றன. அவர்களுடைய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ கன்ஹேரி பற்றி எழுதும்போது, இக்குன்றின் உள்ளே முடிவற்ற சுரங்கவழி ஒன்று காம்பே வரை செல்கிறதென்று மக்கள் சொன்னதைக் கேட்டுப் பாதிரிமார் சிலர் துணைக்கு ஆட்களையும் உணவையும் எடுத்துக்கொண்டு உள்ளே நுழைந்ததாகக் கூறுகிறார். ஏழு நாள் நடந்தும் முடிவு காணாமல் திரும்பினார்களாம். குகைகளை அளந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு நடக்கக்கூடியது என்பது தெரியும். ஆயினும் இந்த மலையை ஊடறுத்து மறுபுறம் போய்விட வேண்டும் என்ற மனித ஆசைக்கு இதைவிடப் பழைய சான்று எனக்குத் தெரியாது.

இனி இந்தக் காடு ஏன் இன்னும் இருக்கிறது என்ற கேள்வி. கல்யாண் சாலை, தாணே சாலை, இரு பக்கமும் ரயில் பாதைகள், இவற்றுக்கிடையே மனை விலை வானளாவும் ஒரு மாநகரத்தில் நூறு சதுர கிலோமீட்டர் மரங்கள் தப்பிப் பிழைத்தது எப்படி? புலிக்கு அஞ்சியோ புத்தருக்குப் பணிந்தோ எவரும் விட்டுவைக்கவில்லை. விட்டுவைத்தது தாகம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் பம்பாயின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. குடிநீருக்குக் கிணறுகளும் குளங்களுமே கதி. இன்று பேருந்து நிறுத்தப் பெயர்களாக மட்டும் எஞ்சியிருக்கும் சி.பி. டேங்க், கோவாலியா டேங்க் எல்லாம் அக்காலத்தில் மக்கள் குடித்த குளங்கள். 1850களில் மழை பொய்த்த ஆண்டுகளில் நகரம் திணறியது. ஹென்றி கானிபேர் என்ற பொறியாளர், கொலாபாவின் ஆப்கன் தேவாலயத்தை வடிவமைத்த அதே மனிதர், மித்தி ஆற்றின் தலைப்பகுதியை விகார் என்ற ஊரருகே மறித்து ஏரியாக்கி, 32 அங்குல இரும்புக் குழாய் வழியே நீரை நகரத்துக்குக் கொண்டுவரும் திட்டத்தை நடத்தினார். 1856 இல் தொடங்கிய பணி 1860 இல் முடிந்தது. எந்திரமும் வேண்டியிருக்கவில்லை; மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் தானே வந்தது. பம்பாய் முதன்முதலாகக் குழாய்நீரைக் கண்டது அப்போதுதான். அது போதாமல் போகவே தாசோ ஆற்றை மறித்துத் துளசி ஏரி உருவாயிற்று; அது 1879 இல் நிறைவேறியது.

விகார் என்ற பெயர் பௌத்த விகாரத்தின் நினைவு என்பர். ஏரிகள் இரண்டும் தாங்கியிருப்பவை ஊர்களின் பெயர்களே. ஊர்கள் போயின, பெயர்கள் நீர்மேல் மிதக்கின்றன. நகரத்தார் குடிக்கும் நீரில் எருவும் மாட்டுச் சாணமும் கலக்கக் கூடாது என்பது புதிய சுகாதார அறிவியலின் கட்டளை. ஆகவே அணையைக் கட்டியதோடு கதை முடியவில்லை. நீர் வடிந்துவரும் சரிவு முழுவதிலும் உழவும் மேய்ச்சலும் குடியிருப்பும் விலக்கப்பட வேண்டியிருந்தது. இளைஞர் கன்னிக்காடு என்று வியந்தாரே, அதன் பெரும்பகுதி இந்த விலக்கலின் விளைவு. வரப்புகள் மீது மரம் முளைத்தது. இன்று மும்பைக்கு நீர் தரும் ஏழு ஏரிகளில் துளசியும் விகாரும் மிகச் சிறியவை. நகரத்தின் தேவையில் சிறு பங்கையே அளிக்கின்றன. மற்ற ஐந்தும் தொலைவில் உள்ளன. காட்டைக் காத்த காரணம் சுருங்கிவிட்டது. காக்கப்பட்ட காடு நிற்கிறது.

இதே காலத்தில் இன்னொரு விலக்கலும் நடந்தது. 1878 ஆம் ஆண்டின் வனச் சட்டத்துக்குப் பின் தாணே மாவட்டமெங்கும் காடுகள் எல்லையிடப்பட்டன. அம்மாவட்டத்து நெல் சாகுபடியில் 'ராப்' என்றொரு முறை உண்டு. மரக்கிளைகளை வெட்டி, இலையும் சாணமும் சேர்த்து நாற்றங்காலின்மேல் பரப்பி எரிப்பார்கள். அந்தச் சாம்பல் படிந்த மண்ணில்தான் நாற்று எழும். கிளை வெட்ட உரிமை இல்லையென்றால் நாற்று இல்லை. நாற்று இல்லையென்றால் சோறு இல்லை. எதிர்ப்பு வலுத்தது. அரசு அமைத்த பம்பாய் வனக் குழு மக்களைக் கேட்டு 1887 இல் அறிக்கை தந்தது. அதிகாரிகளின் கண்ணில் ராப் என்பது மரத்தைக் கொல்லும் அறியாமை. உழவனின் கண்ணில் அது வயலுக்கும் காட்டுக்கும் இடையிலுள்ள கொடுக்கல் வாங்கல். கிளைச்சுமையோடு தலைகுனிந்து இறங்கியவர்களின் தடங்கள்தாம் இந்தப் பகுதியின் பல ஒற்றையடிப் பாதைகளுக்குத் தொடக்கம் என்பது என் கருத்து. பொழுதுபோக்காக நடப்பவன் வளைந்து நெளிந்து நடப்பான். சுமை தூக்குகிறவன் சரிவின் மிக மலிவான கோட்டைக் கண்டுபிடிப்பான். இங்குள்ள பழைய தடங்கள் அந்தச் சிக்கனத்தைக் காட்டுகின்றன.

விடுதலைக்குப் பின் கிருஷ்ணகிரி, போரிவலி என்று பெயர் மாறி மாறி, பரப்பு கூடிக்கூடி இன்றைய தேசியப் பூங்கா உருவாயிற்று. 1972 ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தேசியப் பூங்காவினுள் அனுமதியின்றி எவரும் நுழைவதைத் தடைசெய்கிறது. நடத்தல் என்ற செயலே இங்கு உரிமம் பெற்றுச் செய்யும் செயலாயிற்று. இதனிடையே நகரத்துக்கு வேலை தேடி வந்த ஏழைகள் விளிம்பில் குடிசை போட்டனர். 1995 இல் சூழலியல் அமைப்பொன்று தொடுத்த பொதுநல வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1997 இல் அவற்றை அகற்ற ஆணையிட்டது. பல்லாயிரம் குடிசைகள் இடிக்கப்பட்டன. மாற்று வீட்டுக்கெனக் குடும்பத்துக்கு 7,000 ரூபாய் கட்டச் சொல்லப்பட்டது. கட்ட இயன்றவர்களில் பலர் நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் சாந்திவலியின் சங்கர்ஷ் நகருக்குப் போய்ச் சேர்ந்தனர். அந்நகரின் பெயரே போராட்டம் என்பதாகும். இயலாதவர்கள் எங்கே போனார்கள் என்பதற்குப் பதிவேடு இல்லை. அவ்வழக்கு இல்லாமலிருந்தால் காட்டின் ஒரு பகுதி இன்று இருந்திராது என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் கணக்கெழுதும்போது இரு பத்தியையும் எழுத வேண்டும்.

குடிசைவாசிகள் வேறு, காட்டினுள் பாடா எனப்படும் சிற்றூர்களில் வாழும் வார்லிகளும் மல்ஹார் கோலிகளும் வேறு. வழக்கிலும் செய்தித்தாளிலும் இரண்டும் பலமுறை குழம்பிப்போயின. இவர்கள் பூங்காவுக்கு முன்பே இங்கிருப்பவர்கள். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காட்டில் வாழ்வோரின் உரிமையை ஏற்கிறது. எனினும் பாடாக்காரர்களின் தலைமேல் வெளியேற்றம் என்ற சொல் இன்னமும் தொங்கிக்கொண்டிருக்கிறது. தங்கள் கால்களே உண்டாக்கிய தடத்தில் விறகோடு வருபவள் குற்றவாளி. அதே தடத்தில் கட்டணம் செலுத்திக் காலணி மாட்டி வரும் நான் இயற்கை ஆர்வலர். இதை எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

ஆய்வுக்காக நான் முதன்முதலில் வந்த ஆண்டில், அறுபதைக் கடந்த வார்லி மூதாட்டி ஒருவர் என்னோடு நடந்தார். நான் அவரை மாவ்ஷி என்பேன். அவர் என்னைப் பேட்டா என்பார். வரைபடத்தைக் காட்டி ஒரு பாதையின் பெயரைக் கேட்டேன். அவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை. "இது என் அம்மா கார்வி வெட்டப் போன வழி, பேட்டா. அது தண்ணீர் வழி. அந்தப் பக்கம் வாகோபா" என்று மூன்று திசையைக் கையால் காட்டினார். வாகோபா, காவலாக நிற்கும் புலித் தெய்வம். செந்தூரம் பூசிய கல். சிறுத்தையைப் பற்றிக் கேட்டபோது, "அவனுக்கும் முள் குத்தும் அல்லவா? அவனும் வழியில்தான் நடப்பான்" என்றார். இது முற்றிலும் உண்மை. சிறுத்தைகளைக் கணக்கெடுக்கும் ஆய்வாளர்கள் தானியங்கிக் கேமராக்களை இதே தடங்களின் ஓரத்தில்தான் பொருத்துகிறார்கள். சிறுத்தை அடர்ந்த புதரைவிட நடந்து பழகிய வழியையே விரும்பும். 2015 இல் 35 சிறுத்தைகளும் 2018 இல் 47 சிறுத்தைகளும் பூங்காவிலும் அதன் சுற்றுப்புறத்திலும் அப்படித்தான் அடையாளம் காணப்பட்டன. மனிதர் உண்டாக்கிய வழியில் விலங்கு நடக்கிறது. விலங்கு நடப்பதால் மனிதர் விலக்கப்படுகிறார்.

மாவ்ஷி சொன்ன கார்வியைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டாண்டுக்கொருமுறை கூட்டமாகப் பூத்து மடியும் புதர்ச்செடி அது. 2016 இல் பூத்தது. 2024 இல் மீண்டும் பூத்து மலையை ஊதாவாக்கியது. நம் நீலக்குறிஞ்சியும் இதுவும் ஒரே பேரினம். அங்கே பன்னிரண்டு ஆண்டு, இங்கே எட்டு. நகரத்தார் பூவுக்காக வருகிறார்கள். வார்லிகளுக்கோ அதன் தண்டு முக்கியம். நேரான அந்தக் குச்சிகளை நெருக்கிக் கட்டி, மேலே மண்ணும் சாணமும் பூசினால் வீட்டுச் சுவர். அந்தச் சுவரில் அரிசி மாவால் வரைந்தவையே இன்று உலகெங்கும் சட்டையிலும் கோப்பையிலும் அச்சாகும் வார்லி ஓவியங்கள். செடி வெட்டத் தடை வந்தபின் சுவர் செங்கல்லாகவோ தகரமாகவோ ஆயிற்று. ஓவியம் கடைக்குப் போயிற்று.

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மித்தி ஆறு நகரத்தைப் புரட்டிப்போட்டபோதுதான், அந்த ஆறு ஒரு காட்டிலிருந்து இறங்குகிறது என்பதே பல மும்பைக்காரர்களுக்கு நினைவுக்கு வந்தது. சாக்கடை என்று எண்ணியிருந்தோம். மலைமேல் நடந்தவர்களுக்கு இது புதிய செய்தி அன்று. விகார் நிரம்பினால் அதன் கீழே என்னாகும் என்பதை மாவ்ஷி எனக்குச் சில மாதங்களுக்கு முன்பே கைவிரலால் மண்ணில் கோடிழுத்துக் காட்டியிருந்தார்.

இப்போது அந்தப் பாதிரிமாரின் சுரங்கத்துக்கு வருவோம். 2024 ஜூலையில் தாணேயையும் போரிவலியையும் இணைக்கும் இரட்டைச் சுரங்கச் சாலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. பூங்காவின் அடியே பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் குடைந்து செல்லப் போகிறது. கோரேகாவ்-முலுண்டு இணைப்புச் சாலைக்கும் தனியே இரட்டைச் சுரங்கம். ஏழு நாள் நடந்தும் கோத்தோவின் கதையில் கிட்டாத மறுபுறம் இனிச் சில நிமிடத்தில் கிட்டிவிடும். மரங்களை வெட்டிச் சாலை போடுவதைவிடச் சுரங்கம் மேல் என்ற வாதத்தில் பொருள் இருக்கிறது. பாறைக்குள் ஊறி ஓடைகளை நெடுங்காலம் உயிரோடு வைக்கும் நீருக்கு என்னாகும் என்ற கேள்வியிலும் பொருள் இருக்கிறது. கன்ஹேரித் துறவியரின் தொட்டிகள் கோடையிலும் நீர் வைத்திருக்கும் இரகசியம் அந்தப் பாறையின் இயல்பில்தான் இருக்கிறது. பொறியாளர்கள் இதை என்னைவிட நன்கு அறிவர் என்று நம்புகிறேன்.

இவ்வாரம் நடக்கப் போகும் நண்பர்களுக்கு மூன்று வேண்டுகோள். பாடாவைச் சேர்ந்த வழிகாட்டி கிடைத்தால் அவரோடு செல்லுங்கள். பாதையின் அதிகாரப்பூர்வப் பெயரோடு அவர் வீட்டில் வழங்கும் பெயரையும் கேட்டு எழுதி எனக்கு அனுப்புங்கள். அப்பெயர்களைத் தொகுத்துவருகிறேன், இதுவரை நாற்பதுக்கும் சற்றே கூடுதலாகச் சேர்ந்திருக்கின்றன. கன்ஹேரிக்குப் போனால் புத்தரைப் பார்த்தபின் நீர்த்தொட்டிகளையும் எட்டிப் பாருங்கள். வழியில் வரப்புக் கல்லோ, தனி மாமரமோ, செந்தூரக் கல்லோ தென்பட்டால் படமெடுத்து இடத்தைக் குறித்துவையுங்கள். எதையும் நகர்த்த வேண்டாம். மாவ்ஷி இப்போது நடப்பதில்லை, முழங்கால் ஒத்துழைக்கவில்லை. சென்ற மாதம் பார்க்கப் போனபோது, தன் தாயின் கார்வி வழியில் இப்போது என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டார். படித்துச் சொன்னேன். சிரித்துவிட்டு, தேநீர் ஆறுகிறது, குடி என்றார்.